நீரின் மேல் நிற்கும் பாரந்தூக்கி

பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போக போர்ட் கிள்ளான் படகுத்துறையில் காத்து நின்றவர்கள் இப்படியொரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். தட்டையான இரும்புப் படகு ஒன்று நீரில் நிற்கும். அதன் மேல் பாரந்தூக்கி ஒன்று, அதாவது கிரேன், நீண்ட கையை உயர்த்தியபடி இருக்கும். படகுத்துறைக்குத் தூண் இறக்குவதும், நீர்வழியைக் காட்டும் மிதவைக் குறிகளைத் தூக்குவதும், மூழ்கிய படகை வெளியே எடுப்பதும் அதன் வேலைகள். தரையில் நிற்கும் கிரேன் நெருங்க முடியாத இடங்களில் இந்தப் பாரந்தூக்கிப் படகுதான் கைகொடுக்கிறது.

அந்தக் கிரேனில் '20 டன்' என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் 20 டன் தூக்கும் கிரேன் நீரின் மேலும் 20 டன் தூக்குமா? கேள்வி எளியது. ஆனால் அதற்குத் தவறான விடை கண்டவர்கள் உலகின் பல இடங்களில் கிரேனையும் படகையும் சேர்த்தே கவிழ்த்திருக்கிறார்கள். ஆகவே இன்றைய உரையில் இந்தக் கேள்வியைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

கிள்ளான் மக்களுக்குப் படகும் பாரமும் புதியவை அல்ல. கிள்ளான் ஆற்றுக்குள் பெரிய கப்பல்கள் வந்து போக வசதி போதாததால், ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் அமைக்கப்பட்டு 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டார்கள். 1972ஆம் ஆண்டில் அதுவே போர்ட் கிள்ளான் ஆயிற்று. மறு ஆண்டே அங்குக் கொள்கலன் முனையமும் செயற்பட்டது. தொடக்கக் காலத்தில் பெரிய கப்பல்கள் ஆழ்நீரில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தொங்கான்களில் இறக்கிக் கரை சேர்த்தார்கள். அந்த வேலையில் நம்மவர்களின் தோள்களும் பங்கு கொண்டன. படகின் ஒரு பக்கமாகவே மூட்டைகளை அடுக்கினால் என்ன நேரும் என்பதை அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அனுபவத்தில் கண்டதைத்தான் இன்று நாம் கணக்காகக் காணப் போகிறோம்.

முதலில் தரையில் நிற்கும் கிரேனைப் பார்ப்போம். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவார்கள். ஒரு வாளி நிறைந்தும் மற்றது குறைந்தும் இருந்தால், தோளைக் கனமான வாளியின் பக்கமாகத் தள்ளி வைத்துச் சமன் செய்வார்கள். கனத்தை மட்டும் பார்த்தால் போதாது, கனம் எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதிலுள்ள தத்துவம்.

கிரேனுக்கும் இதே விதிதான். அது சுழலும் மையத்திலிருந்து கொக்கி தொங்கும் இடம் வரையுள்ள கிடைத்தூரத்தை எட்டு தூரம் என்று சொல்லலாம். 10 மீட்டர் தூரத்தில் 20 டன் பாரம் தொங்கினால், 10ஐ 20ஆல் பெருக்கிக் கிடைக்கும் 200 டன்-மீட்டர் என்பது கிரேனைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் ஆகும். 20 மீட்டர் தூரத்தில் 10 டன் தொங்கினாலும் திருப்புத்திறன் அதே 200தான். எனவேதான் ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு பளு அட்டவணை இருக்கிறது. இத்தனை மீட்டர் தூரத்தில், இத்தனை நீளக் கையுடன், இத்தனை டன் வரை தூக்கலாம் என்று அது சொல்லும். பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எண் மிகக் குறைந்த தூரத்தில் மட்டுமே பொருந்தக்கூடிய உச்ச அளவு.

அந்த அட்டவணைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நிலம் உறுதியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். நடமாடும் கிரேன்களுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் தரைச் சரிவு நூற்றுக்கு ஒரு பங்குதான், அதாவது ஒரு பாகையில் பாதியளவு. அந்த நிபந்தனை மாறினால் அட்டவணையும் செல்லாது. படகின் மேல் ஏறிய மறுகணமே அந்த நிபந்தனை மாறிவிடுகிறது.

இனி நீருக்கு வருவோம். நீரில் மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் கண்ட உண்மை. படகு, கிரேன், பாரம் ஆகியவற்றின் மொத்த எடை ஈர்ப்பு மையம் என்னும் புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கிறது. விலக்கப்பட்ட நீரின் தாங்கு விசை மிதப்பு மையம் என்னும் புள்ளியில் மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் நீரில் அதிகம் அமிழ்கிறது. மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்ந்து, கீழே போன பக்கத்தை மேலே தள்ளிப் படகை நிமிர்த்த முயல்கிறது. சம்பானில் ஏறியவர்களுக்கு இது தெரியும். நடுவில் உட்கார்ந்தால் அது அமைதியாக நிற்கும், விளிம்பில் உட்கார்ந்தால் சாய்ந்தபடி தாங்கும். எழுந்து நின்று விளிம்பை எட்டிப் பார்த்தாலோ நாம் நீரில் விழ வேண்டியதுதான்.

நிமிர்த்தும் அந்தத் தாங்கு விசையின் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியைப் பொறியாளர்கள் மெட்டாசென்டர் என்பார்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதை இந்த உரையில் நிமிர்வு உயரம் என்று அழைப்போம். நிமிர்வு உயரம் மிகுந்திருந்தால் படகு விறைப்பாக நிற்கும். குறைந்தால் தளர்ந்து சாயும். அது சுழியத்துக்குக் கீழே போனால் படகு நேராக நிற்கவே நிற்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கொக்கியில் தொங்கும் பாரம் கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிந்தாலும், அதன் எடை கிரேன் கையின் நுனியிலிருந்தே படகை இழுக்கிறது. பாரம் தட்டிலிருந்து ஒரு சாண் உயரம் எழுந்தாலும் போதும். படகின் கணக்கில் அது 20 மீட்டர் உயரத்தில் வைத்த பாரமாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 30 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் ஆழமும் உள்ள பெட்டி வடிவப் படகு ஒன்று. படகின் எடை 220 டன், கிரேன் 60 டன், கொக்கியில் பாரம் 20 டன். மொத்தம் 300 டன். கை நுனி படகின் அடித்தளத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரேன் நடுக்கோட்டில் நின்று, பாரத்தைப் பக்கவாட்டில் 10 மீட்டர் தூரத்தில் பிடித்திருக்கிறது. கிரேனின் கையும் எதிர்ப்பாரமும் ஒன்றையொன்று சமன் செய்வதாகக் கொள்வோம்.

இந்தப் படகு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீரில் அமிழும். தட்டில் கிடந்த பாரம் கொக்கிக்கு மாறிய மாத்திரத்தில் மொத்த ஈர்ப்பு மையம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்கிறது. அப்படியும் நிமிர்வு உயரம் ஏறத்தாழ 12 மீட்டர் இருக்கிறது. கவிழ்க்க முயலும் 200 டன்-மீட்டரை எதிர்த்து நின்று, படகு 3 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்து நிலைகொள்கிறது.

அதே எடைகளை 10 மீட்டர் அகலமுள்ள படகின் மேல் வைப்போம். நிமிர்வு உயரம் 6 மீட்டருக்கும் குறைந்துவிடும். சாய்வு ஆறரைப் பாகையைத் தாண்டும். இனி அகலத்தை 8 மீட்டராக்கினால்? நிமிர்வு உயரம் 2 மீட்டர்கூட இல்லை. கணக்கு காட்டும் சாய்வோ 20 பாகைக்கு மேல். அவ்வளவு சாய்வதற்கு முன்பே தட்டின் விளிம்பு நீருக்குள் போய்விடும். விளிம்பு மூழ்கியதும் படகை நிமிர்த்தும் ஆற்றல் வேகமாகக் குறைகிறது. அதன் பின் நடப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கிரேன் அதே கிரேன், பாரமும் அதே பாரம். படகின் அகலம் 4 மீட்டர் குறைந்ததுதான் வேறுபாடு. நீர்மட்டப் பரப்பு சாய்வை எதிர்க்கும் வலிமை அகலத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. 12ஐ மூன்று முறை பெருக்கினால் 1728, 8ஐ மூன்று முறை பெருக்கினால் 512. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தால் வலிமையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. 'கிடைத்த படகில் ஏற்று' என்னும் பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

'3 பாகைதானே, படகு தாங்கிக்கொண்டதே' என்று நேயர்கள் எண்ணக்கூடும். படகு தாங்கலாம், ஆனால் கிரேன் தாங்குமா என்று கேட்க வேண்டும். 3 பாகை சாய்ந்தபோது 20 மீட்டர் உயரத்திலிருந்த கை நுனி ஒரு மீட்டர் வெளியே நகர்ந்திருக்கிறது. எட்டு தூரம் இப்போது 10 மீட்டர் அல்ல, 11 மீட்டர். 200 டன்-மீட்டரை 11ஆல் வகுத்தால் 18 டன்தான் வருகிறது. கொக்கியிலோ 20 டன் தொங்குகிறது! ஓட்டுநர் எந்தப் பிடியையும் அசைக்கவில்லை. இருந்தும் கிரேன் தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

இத்துடன் முடியவில்லை. கிரேனின் கை செங்குத்துப் பாரத்தைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டு இழுப்பில் அது பலவீனமானது. படகின் முன்முனைப் பக்கம் பாரத்தைத் தூக்கி நிற்கும்போது படகு பக்கவாட்டில் சாய்ந்தால், பாரம் கையைப் பக்கமாக இழுக்கும். கை முறியலாம். சாய்ந்த தளத்தில் கிரேனைச் சுழற்றும்போது, தாழ்ந்த பக்கத்தை நோக்கி அது தானே ஓட முற்படும். தட்டோடு சேர்த்துக் கட்டப்படாத கிரேன் வழுக்கவும் கூடும். சங்கிலி வேலையில் ஓடும் கிரேனைப் படகில் ஏற்றும்போது கனமான மரப்பலகைகளை அடியிட்டு, அசையாதபடி தடுத்துக் கட்டுவது இதனால்தான்.

முனைப்பக்கம் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றுவது மற்றோர் ஆபத்து. படகு நீளவாக்கில் மிக விறைப்பானது, அகலவாக்கில் அப்படியல்ல. முனையில் பாரத்தைத் தூக்கியபோது சாய்வு மிகச் சிறிதாக இருந்ததைக் கண்டு நம்பிக்கை கொண்ட ஓட்டுநர், அதே பாரத்தைப் பக்கத்துக்குத் திருப்பும்போது படகு திடீரெனப் படுப்பதைக் காண்பார்.

படகின் உள்ளே இருக்கும் எதிரியையும் சொல்ல வேண்டும். அது தேங்கிய நீர். மழைநீரோ, கசிவு நீரோ, பாதி நிரம்பிய எதிர்ப்பாரத் தொட்டியின் நீரோ, எதுவானாலும் படகு சாயும் பக்கம் அது ஓடும். ஓடி அந்தப் பக்கத்தை இன்னும் அமிழ்த்தும். நம் 10 மீட்டர் அகலப் படகில், 5 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓர் அறையில் முழு அகலத்துக்கும் நீர் தடையின்றி ஓடுமானால், நிமிர்வு உயரத்தில் ஏறத்தாழ 1.4 மீட்டர் குறைகிறது. ஆறரைப் பாகைச் சாய்வு ஏறக்குறைய ஒன்பது பாகையாகிவிடுகிறது. அந்த அறையின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் இந்த இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். தொட்டி நிறைந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும், பாதியில் விடக்கூடாது என்று கப்பலோட்டிகள் சொல்வதன் பொருள் இதுதான்.

எதிர்ப்பக்கத் தொட்டியில் நீரேற்றிச் சாய்வைச் சரிக்கட்டும் முறையும் உண்டு. முறையான கணக்கோடு செய்தால் அது நல்லது. ஆனால் பாரத்தைக் கட்டிய கயிறு அறுந்தாலோ, பாரம் சட்டென்று எங்காவது அமர்ந்தாலோ, அந்த எதிர்ப்பாரம் படகை மறுபக்கம் வீசிவிடும். கிரேனின் கையும் பின்னோக்கிச் சரியலாம். ஆகவே பாரத்தோடு இருக்கும் நிலையை மட்டுமின்றி, பாரம் திடீரென இல்லாமற் போகும் நிலையையும் கணக்கிட வேண்டும்.

பாரத்தின் எடையை அறிவதும் நினைப்பது போல் எளிதன்று. கொக்கிக் கட்டை, கம்பி வடம், தாங்கு சட்டம் யாவும் பாரத்தோடு சேர்ந்தவை. 18 டன் பொருளுக்கு 2 டன் தூக்குக் கருவிகள் சேர்ந்தால் கிரேனுக்கு அது 20 டன். நீருக்குள் கிடக்கும் பொருள் இன்னும் ஏமாற்றும். 10 டன் கான்கிரீட் கட்டை கடல்நீருக்குள் 6 டன்னுக்கும் குறைவாகவே கனக்கும். நீர்மட்டத்தைக் கடந்து மேலே வர வர அதன் முழு எடையும் கொக்கியில் இறங்கும். அத்துடன் கிள்ளான் முகத்துவாரத்தின் அடித்தளம் சேறு. சேற்றில் புதைந்த பொருளைச் சேறு பிடித்துக்கொண்டு விடாது. கிரேன் இழுக்க இழுக்கப் படகுதான் சாயும். பிடி சட்டென்று விட்டதும் படகு துள்ளி ஆடும். ஆகவே சேற்றில் கிடப்பதை ஒரே இழுப்பில் எடுக்க முயலாமல், நீரைப் பாய்ச்சிச் சேற்றைக் கரைத்துப் பிடியைத் தளர்த்திய பின்பே மெதுவாகத் தூக்குவார்கள்.

நம் கிள்ளான் கரைக்கே உரிய சூழ்நிலைகளையும் கவனிக்க வேண்டும். இங்கே பெருவெள்ளக் காலத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 4 மீட்டர் மாறுகிறது. காலையில் நன்றாக மிதந்த படகு, நீர் வற்றும்போது ஒரு பக்கம் சேற்றுத் திட்டில் அமர்ந்துவிடலாம். அப்போது அது முழுமையாக மிதப்பதும் இல்லை, முழுமையாகத் தரையில் நிற்பதும் இல்லை. மிதவைக்குப் போட்ட கணக்கு எதுவும் அங்குப் பொருந்தாது. நீர் ஏறும்போதோ, இறுக்கிக் கட்டிய கயிறு படகின் ஒரு விளிம்பை எழவிடாமல் கீழே பிடிக்கும். கயிற்றைப் பார்த்துத் தளர்த்த ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

நீர் ஏறினால் கை நுனியும் ஏறும். காலையில் பாலத்துக்கோ மின்கம்பிக்கோ கீழே தாராளமாகப் புகுந்த கிரேன் மாலையில் அதையே முட்டலாம். மிதக்கும் கலத்தின் உயரத்தை மறந்ததன் விலையை நம் அண்டை நாடு அறியும். 1983 ஜனவரி 29 அன்று சிங்கப்பூரில், எனிவெட்டோக் என்னும் துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா தீவுக்குச் செல்லும் தொங்கூர்திக் கம்பியில் சிக்கியதால் 7 பேர் மாண்டார்கள். அது பாரந்தூக்கிப் படகு அன்று. ஆயினும் மிதக்கும் எதற்கும் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்னும் பாடம் ஒன்றே.

அடுத்து காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியலை ஒட்டி, மலாக்கா நீரிணையைக் கடந்து 'சுமத்ரா' என்னும் புயற்காற்று இடிமழையோடு வந்து மோதுவதை மேற்குக் கரையோரத்தார் அறிவார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 6 கிலோ எடையளவு அழுத்தும், 72 கிலோமீட்டர் வேகமோ 25 கிலோ அளவு அழுத்தும். 20 சதுர மீட்டர் பரப்புள்ள பலகைச் சட்டம் கொக்கியில் தொங்கினால் அதைக் காற்று அரை டன் பலத்தோடு பக்கவாட்டில் தள்ளும். மேற்கு வானம் கறுத்தால் பாரத்தை இறக்கிவிட்டுக் காத்திருப்பதே அறிவுடைமை.

விரைந்து போகும் பயணப் படகு எழுப்பும் அலையும் சிறிய செய்தி அன்று. அலையில் படகு ஒரு பாகை இப்பக்கமும் ஒரு பாகை அப்பக்கமும் ஆடினால், கை நுனி மொத்தம் 60 சென்டிமீட்டருக்கும் மேல் ஆடும். தொங்கும் பாரம் ஊஞ்சலாகிவிடும். ஊஞ்சலை ஒருவர் தக்க நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்டம் வளர்வது போல, அலையின் தாளமும் பாரத்தின் தாளமும் ஒன்றினால் ஆட்டம் பெருகும்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். நீரோடு வாழ்வதில் தேர்ந்த நாடு அது. 2015 ஆகஸ்ட் 3 அன்று ஆல்பன் ஆன் டென் ரெயின் நகரில் ஜூலியானா அரசிப் பாலத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. படகுகளின் மேல் நிறுத்திய இரண்டு நடமாடும் கிரேன்கள் சேர்ந்து பாலத்தின் ஒரு பெரும் பகுதியைத் தூக்கின. தூக்கிய நிலையில் படகுகள் சாய்ந்தன. கிரேன்களும் பாலப் பகுதியும் கரையோர வீடுகள் மீதும் கடைகள் மீதும் விழுந்தன. கீழே இருந்த வீடுகளிலிருந்து மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்படவில்லை. அப்படியிருந்தும் மனித உயிர் எதுவும் போகாதது வியப்பே. அந்நாட்டுப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து, கிரேன்கள் நின்ற படகுகளின் நிலைப்புத்தன்மை அந்த வேலைக்குப் போதவில்லை என்று கண்டது. கிரேன்கள் பலவீனமானவை அல்ல. தரையில் நின்றிருந்தால் அவை வேலையை முடித்திருக்கக்கூடும். அவற்றுக்குக் கீழிருந்த 'தரை'தான் நகர்ந்துவிட்டது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு விடை சொல்லலாம். தரையில் 20 டன் தூக்கும் கிரேன் நீரின் மேல் எவ்வளவு தூக்கும் என்பதை அந்தக் கிரேனை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. படகையும் கிரேனையும் ஒரே இயந்திரமாகக் கருதி, அந்தப் படகில் அந்த இடத்தில் அந்தக் கிரேன் நிற்கும்போது எத்தனை பாகைச் சாய்வில் எவ்வளவு தூக்கலாம் என்று தகுதி பெற்ற பொறியாளர் தனி அட்டவணை ஒன்று எழுதித் தர வேண்டும். அது தரை அட்டவணையைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தத் தாள் ஓட்டுநர் அறையில் இல்லையென்றால், அந்தக் கிரேனுக்கு நீரின் மேல் தூக்கும் அளவு என்று ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியவை கடினமானவை அல்ல. படகின் அறைகளைத் திறந்து நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடிகளை மீண்டும் இறுக மூட வேண்டும். தட்டில் வேறு சரக்குகள் ஏறியிருந்தால் அவற்றையும் எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாய்வு காட்டும் கருவி ஓட்டுநர் கண்ணெதிரே இருக்க வேண்டும். எட்டு தூரத்தைப் பாரம் ஏறிச் சாய்ந்த பிறகுள்ள நிலையில் அளக்க வேண்டும். பாரத்தை முதலில் ஒரு சாண் மட்டும் உயர்த்தி நிறுத்தி, சாய்வு கணக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கில் 3 பாகை, கண்ணில் 5 பாகை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. பாரத்தை இறக்கிவிட்டுப் பிழையைத் தேட வேண்டும். 'இன்னும் கொஞ்சந்தானே' என்று தொடர்வது கூடாது.

மலேசியாவில் இத்தகைய இயந்திரங்களை நெடுங்காலம் ஆண்டது 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம். அது 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டது. அதே நாளில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. கப்பற் சட்டத்தின் கீழ் வரும் கலங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. திருத்தங்களில் நம் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு ஒன்று 26ஏ. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்தோ அந்த வேலையிலிருந்தோ விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

இந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் ஆபத்து எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கயிறு மாட்டுபவர், சைகை காட்டுபவர், படகுக் கயிற்றைப் பிடித்து நிற்பவர் ஆகியோரே பாரத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள். பொறியாளரின் தாளை அவர்கள் படிக்காமல் இருக்கலாம். ஆனால் தட்டின் விளிம்பு நீருக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை அவர்கள் கண்தான் முதலில் காணும். அதை உரக்கச் சொல்ல அவர்களுக்குத் துணிவு வேண்டும். சொன்னவுடன் பாரத்தை இறக்க மேலே இருப்பவருக்கு மனம் வேண்டும்.

நேயர்களே, அடுத்த முறை கிள்ளான் கரையில் பாரந்தூக்கிப் படகொன்றைக் கண்டால், வானை நோக்கி நிற்கும் அதன் கையை மட்டும் பாராதீர்கள். படகின் விளிம்பையும் அதைத் தொட்டு ஓடும் நீர்க்கோட்டையும் சற்றுக் கவனியுங்கள். அந்தக் கிரேன் எவ்வளவு தூக்கலாம் என்பதை அந்தக் கோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.